மண்ணைப் படித்த மனிதர் ஜிம் கார்பெட்

நாம புத்தகத்தைப் படிக்கிறோம். மண்ணையே புத்தகமாப் படிச்ச ஒருவரைப் பற்றித் தெரிஞ்சுக்குவோமா?

ஜிம் கார்பெட் 1875 ஜூலை 25-ல் இமயமலையில் உள்ள நைனிடாலில் பிறந்தார். அப்பா போஸ்ட் மாஸ்டர். ஜிம் சின்னப் பையனா இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். குளிர்காலம் வந்தா குடும்பமே மலையடிவாரத்தில் உள்ள காலாதுங்கிக்கு வந்துவிடும். அங்கே ஓடை மணலில் பதிந்த கால் தடங்களைப் பார்த்துப் பார்த்தே எது எந்த மிருகம், எந்தப் பக்கம் போச்சு என்று கற்றுக்கொண்டார். வளர்ந்த பிறகு ரயில்வேயில் பல வருடம் வேலை செய்தார்.

புலித் தடத்தில் நாலு விரல் தெரியும், நகம் தெரியாது. நடக்கும்போது புலி நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாய்த் தடத்தில் நகக்குறி தெரியும். ஆண் புலியின் தடம் சதுரமா இருக்கும், பெண் புலியின் தடம் கொஞ்சம் நீளமா இருக்கும்.

இது விளையாட்டு இல்லை, உயிர்ப் பிரச்சினை! சம்பாவத் பகுதியில் ஒரு பெண் புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. கடைசியாக இறந்தது விறகு பொறுக்கப் போன ஒரு பொண்ணு. வயசு 16 அல்லது 17-தான், நம்ம அக்கா மாதிரி. கார்பெட் ரத்தத்தையும் தடத்தையும் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். மறுநாள் கிட்டத்தட்ட 300 ஊர்க்காரர்கள் சத்தம் போட்டு விரட்ட, அந்தப் புலியைச் சுட்டார். இது நடந்தது 1907-ல். தடம் தெரியாம வேறு புலியைச் சுட்டிருந்தா, பாவம், ஒன்றும் செய்யாத புலி செத்திருக்கும். ஆட்கொல்லியும் தப்பித்திருக்கும்.

செத்த புலியின் வாயைப் பார்த்தால் வலது பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. முன்பு யாரோ சுட்ட குண்டுக் காயம். அதனால்தான் அதால் வழக்கமான இரையைப் பிடிக்க முடியவில்லை. தப்பு முதலில் யார் மேல என்று யோசிங்க!

பிறகு கார்பெட் துப்பாக்கியை விட கேமராவையே அதிகம் தூக்கினார். காட்டைக் காப்பாத்தணும் என்று பாடுபட்டார். 1936-ல் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா அந்தப் பக்கத்தில் உருவாக அவரும் உதவினார். 1947-ல் கென்யா போன அவர், 1955 ஏப்ரல் 19-ல் அங்கேயே காலமானார். இப்போது அந்தப் பூங்காவுக்கு அவர் பெயர்தான்.

நாளைக்கு மழை பெய்தால் ஈர மண்ணைக் கொஞ்சம் குனிந்து பாருங்க. கோழி, ஆடு, நாய், கீரி எல்லாம் அதில் எழுதிட்டுப் போயிருக்கும்!