எண்ணத் தெரிந்த பெண்மணி

சாதாரண தர மாதிரிப் பரீட்சையில் கணிதத்துக்கு 38 புள்ளிகள் பெற்ற அன்று வீட்டுக்குச் செல்லவே தயங்கினேன். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு எனக்குச் சரிவராது என்று உம்மா கவலைப்பட்டார். வாப்பாவோ ஒன்றும் சொல்லாமல், பத்திரிகையில் வந்த ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் படமொன்றைத் தந்து, அதிலுள்ள விண்மீன் திரள்களை எண்ணச் சொன்னார். நூறுக்கு மேல் என்னால் முடியவில்லை. இப்படி எண்ணத் தொடங்கியவர் யார் எனத் தேடியபோதே கரோலின் ஹேர்ஷலை அறிந்தேன்.

அவர் 1750 மார்ச் 16இல் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் பிறந்தார். பத்து வயதில் வந்த டைபஸ் காய்ச்சலால் அவரது வளர்ச்சி நின்றது; உயரம் நாலேகால் அடிதான். இனித் திருமணம் நடவாது என எண்ணிய தாய் அவரை வீட்டு வேலைக்கே பழக்கினார். தந்தை மட்டும் தாய் இல்லாத வேளைகளில் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதை வாசித்தபோது என் வாப்பாவை நினைத்துக்கொண்டேன்.

1772இல் அண்ணன் வில்லியம் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். 1781இல் யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம், பின்னர் வானத்தைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார். அவர் தொலைகாட்டியில் கண்டதைச் சொல்லச் சொல்ல, கரோலின் நேரத்தோடு குறித்துக்கொண்டார். 1783இன் கடைசி இரவில், பனியில் ஓடியபோது இரும்புக் கொக்கி அவரது தொடையைக் கிழித்தது. ஆயினும் பணி நிற்கவில்லை. இருவரும் பதிவு செய்த மங்கலான ஒளித் திட்டுகள் சுமார் 2500. அவற்றுள் பெரும்பாலானவை விண்மீன் திரள்கள் என்பது பிற்காலத்திலேயே தெரியவந்தது.

கரோலின் தாமாகவே எட்டு வால்வெள்ளிகளைக் கண்டார். 1787 முதல் அரசர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுண் சம்பளம் வழங்கினார்.

1800இல் வில்லியம் அரியத்தால் பிரித்த சூரிய ஒளியில், சிவப்புக்கு அப்பால் வெப்பமானியை வைத்துச் செந்நிறக்கீழ்க் கதிரைக் கண்டறிந்தார். மிகத் தொலைவிலுள்ள திரள்களின் ஒளி, பிரபஞ்சம் விரிவதால் நீண்டு, அக்கதிராகவே நம்மை அடைகிறது. எந்தப் பிரகாசத்தில் எத்தனை திரள்கள் உள்ளன என்று அவ்வொளியில் எண்ணியே, அவை காலந்தோறும் வளர்ந்த விதத்தை இன்று ஆராய்கின்றனர். அண்ணன் கண்ட கதிரும் தங்கை எழுதிய பட்டியலும் வெப் தொலைகாட்டியில் கைகோத்து நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது.

அண்ணனின் மறைவுக்குப் பின் கரோலின் அப்பட்டியல் முழுவதையும் மீள ஒழுங்குபடுத்தினார். அதற்காக 1828இல் அரச வானியல் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது. அடுத்ததாக ஒரு பெண் அதைப் பெற 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1848இல், 97ஆவது வயதில் அவர் காலமானார்.

என்னை வியக்க வைத்த செய்தி வேறு. பிந்திக் கற்றதால் பெருக்கல் வாய்பாடு அவருக்கு மனதில் நிற்கவில்லையாம். எழுதி அருகில் வைத்தே கணக்கிட்டாராம்.

என் மேசையிலும் இப்போது ஒரு வாய்பாடு ஒட்டப்பட்டிருக்கிறது. அதை ஒட்டித் தந்தவர் உம்மா.