கார் செய்தார், லைசென்சு கிடைக்கவில்லை!
ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கைக் கதை

மணலியில் இருந்து எண்ணூர் போகும் ரோட்டில் நின்றால் கண்ணில் படுவது டிரெய்லர் லாரிகள்தான். ஒன்றன் பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போகும்.

இதே எண்ணூரில் ஒரு காலத்தில் கார் தயாரானது என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை.

1948-ம் ஆண்டு ரகுநந்தன் சரண் என்ற தொழில் அதிபர் அசோக் மோட்டார்ஸ் கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். அடுத்த ஆண்டே எண்ணூர் தொழிற்சாலையில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். கார் இங்கிலாந்து நாட்டுக் கார். பாகங்கள் கப்பலில் வரும். இங்கே பூட்டி வெளியே அனுப்புவார்கள். அந்தக் கம்பெனிதான் பிறகு அசோக் லேலண்டு ஆகி, லாரிக்கும் பஸ்சுக்கும் போய்விட்டது.

வெளிநாட்டுக் காரைப் பூட்ட எண்ணூரில் அனுமதி இருந்தது. அதே காலத்தில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் சொந்தமாகவே ஒரு கார் செய்தார். அதற்கு அனுமதி கிடைக்கவில்லை.

அவர்தான் ஜி.டி.நாயுடு.

அமெரிக்க வாலிபர்கள்

கதைக்குப் போகும் முன் ஒரு நிமிடம் அமெரிக்காவை எட்டிப் பார்ப்போம்.

1945-ல் உலக யுத்தம் முடிந்தது. பட்டாளத்தில் இருந்து வீடு திரும்பிய வாலிபர்களின் கையில் கொஞ்சம் பணம் இருந்தது. என்ஜின் வேலையும் பலருக்குத் தெரிந்திருந்தது. கார் வாங்கினார்கள். வாங்கியபடியே ஓட்டினார்களா? இல்லை. கூரையை அறுத்துச் சில அங்குலம் குறைத்தார்கள். வண்டியைத் தரையைத் தொடும் அளவுக்குத் தாழ்த்தினார்கள். ஒரு காரின் விளக்கை இன்னொரு காருக்கு மாட்டினார்கள். கண்ணைப் பறிக்கும் பெயிண்டு அடித்தார்கள்.

கலிபோர்னியாவில் இது பெரிய மோகம் ஆயிற்று. 1948-ல் ஹாட் ராட் என்று இதற்காகவே ஒரு பத்திரிகை வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற அண்ணன் தம்பிகள் இதில் பெயர் பெற்றார்கள். பாப் ஹிரோஹாட்டா என்ற இளைஞருக்காக ஒரு மெர்க்குரி காரை அவர்கள் மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கார் 2022-ல் சுமார் 20 லட்சம் டாலருக்கு ஏலம் போனது! 1966-ல் டெலிவிஷனில் வந்த பேட்மேன் கதாநாயகனின் காரும் ஜார்ஜ் பாரிஸ் பட்டறையில் உருவானதுதான்.

அவர்கள் செய்தது ஆசைக்காக. நாயுடு செய்ய நினைத்தது பெருந்தொழில். இரண்டும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஆனால் வண்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற துடிப்பு இருக்கிறதே, அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

மோட்டார் சைக்கிள்

நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந்தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் பிறந்தார். முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் ஒரு வண்டியில் வந்தார். மாடு இல்லை, குதிரை இல்லை. ஆனாலும் வண்டி ஓடியது! ரட்ஜ் என்ற மோட்டார் சைக்கிள் அது. பார்த்த கணத்தில் இருந்து பையனுக்குத் தூக்கம் போய்விட்டது. அதைப்போல ஒன்று தனக்கும் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது? கோயமுத்தூருக்குப் போனார். ஓட்டலில் பரிமாறுகிற வேலையில் சேர்ந்தார். சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்தார். ஓரிரு மாதம் அல்ல, வருடக்கணக்கில். கடைசியில் 300 ரூபாய் கொடுத்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிவிட்டார்.

வாங்கியவர் என்ன செய்தார் தெரியுமா? ஊர் சுற்றவில்லை. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்தார்! மறுபடி பூட்டினார். எந்தப் பாகம் எதற்கு என்று புரிந்துகொண்டார். அவருக்குக் கல்லூரி அதுதான்.

பஸ் முதலாளி

நடுவில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்தார். பம்பாய்க்குப் போய் அதை இழந்தார். துவண்டுவிடவில்லை.

1920-ம் ஆண்டு, கோவையில் இருந்த ஸ்டேன்ஸ் துரையின் உதவியோடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டினார். ஒரு பஸ் பல பஸ் ஆயிற்று. யு.எம்.எஸ். என்ற அவருடைய கம்பெனியில் 1933 வாக்கில் சுமார் 280 பஸ்கள் ஓடின. ஓட்டலில் பரிமாறிய கை!

வெளிநாடுகளுக்குப் போனார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். ஜெர்மனியில் மின்சார சவரக் கருவி ஒன்றை உருவாக்கினார். பழச்சாறு பிழியும் எந்திரம், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, ஓட்டுப் பதிவு எந்திரம் என்று அவர் செய்தவை பல.

எல்லாவற்றையும்விடப் பெரிதாக நான் நினைப்பது வேறு. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து பீளமேட்டில் மின்சார மோட்டார் தயாரித்தாரே, அதுதான். கிணற்றில் இருந்து தண்ணீர் இறைக்கும் மோட்டார் பம்பு என்றால் இன்றைக்கும் கோயமுத்தூர் பெயர்தான் முதலில் வருகிறது.

1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் கவர்னரின் பெயரில் தொழிற்கல்லூரி தோன்ற அவர் காரணமாக இருந்தார். அதன் முதல்வராகவும் இருந்தார். படிப்புக்கு நான்கு வருடம் தேவையில்லை, குறைக்க வேண்டும் என்றார். சர்க்கார் கேட்கவில்லை. விலகிவிட்டார். இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி அதுதான்.

இரண்டாயிரம் ரூபாய் கார்

1952-ம் ஆண்டு.

நாயுடுவுக்கு வயது ஐம்பத்தொன்பது. இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை இரண்டாயிரம் ரூபாய் என்றார். கார் என்பது ஜமீன்தாருக்கும் டாக்டருக்கும் மட்டும் உரியது என்று இருந்த காலம் அது. வாத்தியாரும் கடைக்காரரும் வாங்கும்படி ஒரு கார் கொடுக்க நினைத்தார்.

அதே 1952-ல் புதிய தொழில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பெரிய தொழில் தொடங்க வேண்டுமானால் டெல்லியில் லைசென்சு வாங்க வேண்டும். நாட்டில் கார் வாங்குகிறவர்கள் குறைவு, ஒரு சில கம்பெனிகள் செய்தால் போதும் என்பது சர்க்காரின் கணக்கு. அந்தக் கணக்கில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் நாயுடுவுக்கு இடம் இல்லை. லைசென்சு மறுக்கப்பட்டது. கார் அதோடு நின்றது.

அந்தக் கார் நன்றாக ஓடியிருக்குமா? மலை ஏறியிருக்குமா? சொன்ன விலைக்குக் கொடுத்திருக்க முடியுமா? யாருக்கும் தெரியாது. ஜனங்கள் ஓட்டிப் பார்க்க வழியே இல்லாமல் போய்விட்டது. ஏழைக்கு ஏற்ற கார் என்று லட்ச ரூபாய் நானோ காரை டாடா காட்டியது 2008-ல். இடையில் 56 வருடம் ஓடிவிட்டது. அந்த நானோவும் பிறகு நின்றுபோனது.

நாயுடு கோபக்காரர். சர்க்காரின் போக்கைக் கண்டித்து, தான் செய்த பொருள்களை ஜனங்கள் முன்னால் தானே உடைத்தும் காட்டினார். செய்த கையே உடைப்பதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந்தேதி அவர் காலமானார்.

கோவை அவினாசி ரோட்டில் அவர் பெயரால் பொருட்காட்சி இருக்கிறது. 2015-ல் அங்கே கார் மியூசியமும் திறந்தார்கள். பல நாட்டுப் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. பள்ளி விடுமுறைக்குக் கோவை போகிறவர்கள் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். அதே ரோட்டின் மேல் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டிய பாலத்தை 2025 அக்டோபரில் திறந்தபோது, அதற்கு ஜி.டி.நாயுடு பெயரையே வைத்தார்கள்.