எல்லாத் துறைக்கும் ஒரே பந்தல் போட்டவர்: பெரியசாமித் தூரன்

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். எல்லாத் துறைக்காரர்களும் படிக்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். இது லேசான காரியம் இல்லை. வேதியியல் என்று ஆரம்பித்தால் வரலாற்றுக்காரர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். கவிதை என்று ஆரம்பித்தால் கணக்குக்காரர் கேன்டீன் பக்கம் போய்விடுவார். நம்ம ஊர் மண்ணில் பிறந்த யாரைப் பற்றி எழுதினால் எல்லோரும் உட்கார்ந்து கேட்பார்கள் என்று யோசித்தேன். ஒரு பெயர்தான் வந்து நின்றது. ம.ப. பெரியசாமித் தூரன்.

கோவையில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912-இலிருந்து இங்கே இருக்கிறது. வேளாண்மைக் கல்லூரி 1971-இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் வந்தது. நூற்பு, பம்பு, பருத்தி, பாறை, பழங்கல்வெட்டு என்று ஆளுக்கொரு பக்கம் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறோம். ஆனால் மாடிப்படி ஏறினால் அடுத்த துறை. அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தச் சுவர்களையெல்லாம் தம் ஒரே வாழ்நாளில் தாண்டித் தாண்டிப் போனவர் தூரன்.

பிறந்தது 26.9.1908-இல், ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில். விவசாயக் குடும்பம். வலசு என்றால் என்னவென்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாலு வீடும், சுற்றிலும் காடும், ஒரு கிணறும் இருந்தால் அதுவே ஒரு வலசு. 'தூரன்' என்பதும் புனைந்து கட்டிய பெயர் அல்ல. கொங்கு வேளாளர் கூட்டங்களில் ஒன்றின் பெயர். தம் கூட்டத்தின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டார். இன்று தமிழ்நாடு முழுக்க, ஏன், கச்சேரி நடக்கிற ஊரிலெல்லாம் அந்தப் பெயர் போய்ச் சேர்ந்திருக்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் அவர் எடுத்துப் படித்த பாடம் கணிதம். இதை நம் கணிதத்துறை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பகலில் கணக்கு, ராத்திரியில் கவிதை. மாணவராக இருந்தபோதே நண்பர்களோடு வனமலர்ச் சங்கம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, 'பித்தன்' என்ற பத்திரிகையை நடத்தினார். பிற்காலத்தில் மத்திய அமைச்சராகிப் பசுமைப் புரட்சிக்கு வழி செய்த நம் பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியமும் அந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர். விடுதி அறையில் ஆரம்பிக்கிற பத்திரிகைகள் எத்தனை இதழோடு நிற்கும் என்று நமக்கெல்லாம் அனுபவம் உண்டு. பத்திரிகை நின்றாலும் பழக்கம் நிற்காது. தூரனுக்கு அங்கே பிடித்த எழுத்து கடைசி வரை விடவில்லை.

படிப்பு முடிந்து அவர் ஆசிரியரானார். தி.சு. அவினாசிலிங்கம் 1930-இல் தொடங்கிய இராமகிருஷ்ண வித்தியாலயத்தில் வேலை பார்த்து, தலைமையாசிரியராகவும் இருந்தார். பெரியநாயக்கன்பாளையம் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் அந்த வளாகத்தைப் பார்க்காமல் போக முடியாது. பிள்ளைகளோடு பிள்ளையாக இருந்த அந்த வருஷங்களில்தான் அவருக்கு இன்னொரு துறை மேல் ஆசை வந்தது. அதுதான் உளவியல். பிள்ளை ஏன் பயப்படுகிறது, ஏன் அடம் பிடிக்கிறது, மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆங்கிலப் புத்தகங்களில் தேடிப் படித்து, தமிழில் எழுத ஆரம்பித்தார். 'குழந்தை உள்ளம்', 'அடிமனம்', 'கருவில் வளரும் குழந்தை', 'பாரம்பரியம்' என்று வரிசையாகப் புத்தகங்கள் வந்தன. கடைசியாகச் சொன்னது, பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குக் குணங்கள் எப்படி வருகின்றன என்கிற மரபியல் விஷயம். அந்தக் காலத்தில் இதையெல்லாம் தமிழில் சொல்லலாம் என்று நினைத்தவர்களே கொஞ்சம் பேர்தான்.

பெரிய வேலை அதற்குப் பிறகுதான் வந்தது. அவினாசிலிங்கம் சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்தபோது 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகம் உருவாயிற்று. தமிழில் ஒரு முழுமையான கலைக்களஞ்சியம் கொண்டுவருவது என்று கழகம் முடிவு செய்தது. அதற்கு முதன்மைப் பதிப்பாசிரியராக 1948-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் நம் தூரன். பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை, டாக்டர் பட்டம் இல்லை, கோவைப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார். அவர் தலையில் இந்தப் பாரத்தை வைத்தார்கள். வைத்தவர்கள் ஆளைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

கலைக்களஞ்சியம் என்றால் தடிப் புத்தகம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அது எப்படி வருகிறது என்று பாருங்கள். முதலில் ஒவ்வொரு துறைக்கும் தலைப்புப் பட்டியல் போட வேண்டும். எந்தத் தலைப்புக்கு எத்தனை பக்கம் என்று தீர்மானிக்க வேண்டும். அதை யார் எழுதத் தகுதியானவர் என்று தேடி, கடிதம் போட்டு, ஞாபகப்படுத்தி, மறுபடியும் ஞாபகப்படுத்தி வாங்க வேண்டும். விஞ்ஞானிகளில் பலருக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வரும். அதைத் தமிழாக்க வேண்டும். கலைச்சொற்கள் முழுதாக நிலைபெறாத காலம். விலங்கியல் கட்டுரையில் ஒரு சொல், தாவரவியல் கட்டுரையில் அதே பொருளுக்கு வேறொரு சொல் என்று இருந்தால் படிக்கிறவன் கதி என்ன? பிறகு படம், அச்சுப்பிழை, அகர வரிசை. இதிலே ஒரு சங்கடம், அகர வரிசைப்படி அச்சாகிற புத்தகத்தில் அகரத்துக்கு எழுத வேண்டியவர் தாமதம் செய்தால் ஆகாரம் வரைக்கும் நின்றுபோகும்!

முதல் தொகுதி 1954-இல் வந்தது. ஒன்பதாம் தொகுதி 1963-இல் வந்தது. இணைப்பாகப் பத்தாம் தொகுதி 1968-இல் வந்தது. ஒவ்வொன்றும் சுமார் 750 பக்கம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அறிஞர்கள் எழுதினார்கள். கணக்குப் பார்த்தால் இருபது வருஷம். பிரான்சில் திதரோ தம் கலைக்களஞ்சியத்தை 1751 முதல் 1772 வரை கொண்டுவந்ததை உலகம் கொண்டாடுகிறது. அவருக்கும் ஏறக்குறைய அத்தனை வருஷம்தான் ஆனது. தூரன் வேலையில் இருந்த காலத்தில் உலகமும் சும்மா நிற்கவில்லை. முதல் தொகுதி வந்தபோது விண்ணில் செயற்கைக்கோள் கிடையாது. 1957-இல் ஸ்புட்னிக் போயிற்று, 1961-இல் ககாரினே போய்விட்டு வந்தார். ஓடுகிற ஆற்றைக் குடத்தில் பிடிக்கிற வேலை அது.

இதற்கு நடுவில் அவர் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. 'சுதேசமித்திர'னில் பாரதியார் எழுதி, புத்தகமாகாமல் கிடந்தவற்றைப் பழைய இதழ்களைப் புரட்டித் தேதிவாரியாகத் திரட்டி, 1953-இல் 'பாரதி தமிழ்' என்று பதிப்பித்தார். பாரதி ஆராய்ச்சிக்கு அது ஒரு அடிக்கல். நம் கொங்கு நாட்டு வயல்வெளியில் கேட்ட நாட்டுப்பாடல்களையும் விடவில்லை. அவற்றைச் சேகரித்து 'காற்றில் வந்த கவிதை' என்று புத்தகம் ஆக்கினார். சொந்தமாகக் கவிதை, சிறுகதை, நாடகம், கட்டுரை எல்லாம் உண்டு.

இசையைச் சொல்லாவிட்டால் இசை ரசிகர்கள் என் மேல் கோபித்துக்கொள்வார்கள். நூற்றுக்கணக்கான தமிழ்க் கீர்த்தனைகளை எழுதினார். பெரும்பாலும் முருகன், அம்பாள், பிள்ளையார் மேல். கச்சேரி மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்ற இயக்கம் நடந்த காலத்தில், பாடுகிறவர் கையில் பாட்டைக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். தமிழ் இசைச் சங்கம் 1972-இல் அவருக்கு இசைப் பேரறிஞர் பட்டம் தந்தது. இன்றும் சபாக்களில் அவர் பாட்டைக் கேட்டுத் தலையாட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர்தான் கலைக்களஞ்சியக்காரர் என்று தெரியும்? கலைக்களஞ்சியத்தைப் புரட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் பாட்டு எழுதியவர் என்று தெரியும்? பார்த்தீர்களா, இங்கேயும் துறைச் சுவர்!

பெரியவர்களுக்கான வேலை முடிந்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் எடுத்துக்கொண்டார். அதுவும் பத்துத் தொகுதி, 1968 முதல் 1976 வரை. எங்கள் ஊர் நூலகத்தில் அதைத் தனி அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். ஆங்கிலம் சுத்தமாக வராத பையன்களுக்கு எரிமலையும் எறும்பும் முதன்முதலில் புரிந்தது அந்தப் பக்கங்களில்தான். நான் பிறகு அறிவியல் படித்ததற்கு அந்தப் பூட்டிய அலமாரியும் ஒரு காரணம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல துறையில் கால் வைப்பவனுக்கு ஒரு விலை உண்டு. பாரதிக்கு அடுத்த கவி என்றோ, புதுமைப்பித்தனுக்கு நிகரான கதைக்காரர் என்றோ தூரனை யாரும் சொல்வதில்லை. கலைக்களஞ்சியம் தின்ற இருபது வருஷத்தில் அவர் எழுதியிருக்கக்கூடிய கவிதையும் கதையும் எவ்வளவோ! அந்தக் கலைக்களஞ்சியத்தின் அறிவியல் பக்கங்களோ இன்று பழசாகிவிட்டன. அப்படியானால் வீண்தானா? நான் அப்படி நினைக்கவில்லை. அணை கட்டினவன் பேரைத் தண்ணீர் சொல்லாது; பாய்கிற வயல்தான் சாட்சி. தமிழில் எந்தத் துறையையும் சொல்ல முடியும் என்பதை வாதாடி நிரூபிக்கவில்லை அவர், செய்து வைத்துவிட்டுப் போனார். இன்று தமிழில் அறிவியல் எழுதுகிற யாரும் அந்தத் தளத்தின் மேல்தான் நிற்கிறோம்.

1968-இல் பத்மபூஷண் கிடைத்தது. 20.1.1987-இல் காலமானார். அவர் நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது. கலைக்களஞ்சியத் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. பூட்டுச் சாவி இல்லாமல் யாரும் படிக்கலாம். 2022 முதல் தமிழ் விக்கி அவர் பெயரில் பண்பாட்டு ஆய்வாளர்களுக்கு விருது கொடுத்து வருகிறது. விழா நடப்பது அவர் பிறந்த ஈரோட்டுப் பக்கம்தான்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. அறிவுரை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் செய்கிற புராஜெக்ட் எதுவோ, ஆய்வேடு எதுவோ, அதை இரண்டே பக்கம் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுதியதைப் பக்கத்துத் துறை நண்பனிடம் கொடுங்கள். அவனுக்குப் புரியாத இடத்தில் கோடு போடச் சொல்லி, அந்த இடத்தை மட்டும் திருப்பி எழுதுங்கள். பிறகு லீவுக்கு ஊருக்குப் போகிறபோது, காட்டிலிருந்து வருகிற அப்பாவிடமும் அம்மாவிடமும் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொரு துறையிலும் பத்துப் பேர் இதைச் செய்தால் அடுத்த ஆண்டு மலருக்குக் கட்டுரை தேடி யாரும் அலைய வேண்டியிருக்காது.