ஹைட்ராவை வெட்டிப் பார்த்த டியூஷன் ஆசிரியர்

அறிவியல் நோட்டில் ஹைட்ராவைப் படம் வரைந்து பாகம் குறித்த அனுபவம் பலருக்கும் இருக்கும். ஜெல்லிமீன், பவளம் ஆகியவற்றின் உறவான குழியுடலி அது. நன்னீரில் வாழ்வது. அது விலங்குதானா என்று மாதக்கணக்கில் குழம்பியவர் ஆபிரகாம் டிரெம்ப்ளே.

1710இல் ஜெனீவாவில் பிறந்த இவர் படித்தது கணிதம். வேலை தேடி ஹாலந்துக்குப் போனவர், ஹேக் நகருக்கு அருகே பென்டிங்க் பிரபுவின் இரு மகன்களுக்கு வீட்டு ஆசிரியரானார். இன்றைய பேச்சில் சொன்னால் டியூஷன் வாத்தியார்!

1740 கோடையில் குளத்திலிருந்து எடுத்துவந்த நீர்ச்செடிகளில் சிறு பச்சைக் குழாய்கள் ஒட்டியிருந்தன. நுனியில் இழைபோன்ற கைகள். நிறமும் வடிவமும் செடி என்றன. ஜாடியை ஆட்டினாலோ அவை சட்டென்று சுருங்கின. ஜாடியைத் திருப்பி வைத்தால், மெல்ல நகர்ந்து மறுபடியும் வெளிச்சமுள்ள பக்கத்துக்கே வந்து சேர்ந்தன. செடி நடக்குமா?

டிரெம்ப்ளே ஒரு சோதனையை யோசித்தார். வெட்டினால் செடி துளிர்க்கும், விலங்கு சாகும். நவம்பர் மாதம் ஒன்றை இரண்டாக வெட்டினார். தலைப்பகுதிக்கு அடிப்பாகம் வந்தது. அடிப்பகுதிக்குப் புதிய கைகள் முளைத்தன. அவர் போட்ட கணக்குப்படி அது செடி. ஆனால் அதே கைகள் புழுவைப் பிடித்து வாய்க்குள் தள்ளுவதையும் அவர் பார்த்தார். நம்மில் பலர் இந்த இடத்தில் பிடிக்காத ஒரு முடிவை மறைத்திருப்போம். அவர் இரண்டையும் எழுதி, பாரிசிலிருந்த பெரிய அறிஞர் ரெயோமருக்குச் சில ஹைட்ராக்களையும் அனுப்பினார். முதலில் அனுப்பியவை வழியிலேயே செத்துப்போயின. மறுமுறை உயிருடன் சேர்ந்தன. ரெயோமரும் வெட்டிப் பார்த்தார். விலங்குதான் என்றார்.

உயிரைப் பிரிக்க முடியாது என்று நம்பிய காலம் அது. ஒரு விலங்கு இரண்டாகிறது என்றால் அதன் உயிர் எந்தத் துண்டில் இருக்கிறது? இந்தக் கேள்வி ஐரோப்பாவையே கலக்கியது. நம்பாதவர்களுடன் டிரெம்ப்ளே வாதாடவில்லை. கேட்டவர்களுக்கு ஹைட்ராவையும் வளர்க்கும் முறையையும் அனுப்பினார், அவ்வளவுதான். ஹைட்ராவின் உடலில் ஓயாமல் பிரியும் குருத்தணுக்கள் இருக்கின்றன என்பதும், இரையை வீழ்த்துவது கைகளிலுள்ள கொட்டும் உயிரணுக்கள் என்பதும் பிற்காலத்தில் தெரிந்தவை.

தலையைப் பலமுறை பிளந்து, பல தலைகள் கொண்ட ஹைட்ராக்களையும் அவர் உருவாக்கினார். பன்றி மயிரால் ஒன்றை உறைபோல உள்வெளியாகத் திருப்பியும் பார்த்தார்; அதுவும் பிழைத்தது. கிரேக்கக் கதையில் வெட்ட வெட்டத் தலை முளைக்கும் பாம்பின் பெயரான ஹைட்ராவை, பின்னர் லின்னேயஸ் இதற்குச் சூட்டினார்.

1743இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது. 1744இல் அவருடைய நூல் வெளிவந்தது. அதன் படங்களில் பலவற்றை வரைந்தவர் அவருடைய நண்பர் லியோனே. புகழின் உச்சியில் இருந்தவர், அதன்பின் ஆராய்ச்சியைப் பெரிதாகத் தொடரவில்லை. மீண்டும் மாணவர்களிடமே திரும்பினார். ஜெனீவாவில் குடும்பத்துடன் வாழ்ந்து, பிள்ளைகளின் கல்வி பற்றி நூல்கள் எழுதி, 1784இல் காலமானார்.