எருமைக்குப் பதிலாக ஒரு இயந்திரம்: றே விஜேவர்த்தனவும் எங்கள் லான்ட்மாஸ்ரரும்

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு எனக்கு ஆறு வயது. வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரேயொரு சைக்கிள். அம்மம்மாவுக்கு முழங்கால் வருத்தம், ஒழுங்கை முடக்குவரைகூட நடக்கமாட்டார். பக்கத்து வளவு மாமா தன் லான்ட்மாஸ்ரரின் பெட்டியில் எங்களையும் ஏற்றினார். இரண்டு குடும்பம், ஒரு மூட்டை அரிசி, தையல் இயந்திரம், சருவப்பானைகள், அம்மம்மா. மழை கொட்டியது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிய வீதியில் அடி எடுத்து வைக்க இடமில்லை. சனம் நகரும்போது மாமா இயந்திரத்தை இயக்குவார், நின்றால் நிறுத்திவிடுவார். அது டீசலில் ஓடவேண்டிய இயந்திரம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் எண்ணெய் கலந்து ஓட்டினார். அதிலும் ஒரு துளி வீணாகக்கூடாது. விடிந்தபோதும் நாங்கள் பாலத்தைக் கடக்கவில்லை.

இதை வாசிக்கும் பலரிடம் இதே கதை வேறு வேறு விதமாக இருக்கும். சிலரிடம் அது 2009இல் தர்மபுரத்திலிருந்து புதுக்குடியிருப்புக்கும் அங்கிருந்து முள்ளிவாய்க்காலுக்கும் போன கதை. நிகழ்ச்சிகள் மாறினாலும் அந்த இரண்டு சில்லு வண்டி மட்டும் எல்லாக் கதையிலும் வந்துவிடுகிறது.

லான்ட்மாஸ்ரர் என்பது உழவு இயந்திரத்தில் ஒரு வகை என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படிக்கும்போது அன்றாடப் பொருள் ஒன்றின் வரலாற்றைத் தேடி எழுதச் சொன்னார்கள். அப்போதுதான் அது இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் பகுதியில் இருந்த ஒரு கம்பனியின் பெயர் என்று அறிந்தேன். எங்கள் ஊரில் ஓடுவது ஜப்பானின் குபோட்டாவாக இருக்கலாம், சீனத் தயாரிப்பாக இருக்கலாம். எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்த பெயர் லான்ட்மாஸ்ரர்தான். அந்தக் கம்பனிக்காக அதை வடிவமைத்தவர் இலங்கையர் என்பது எனக்கு அடுத்த ஆச்சரியம். அவர் பெயர் றே விஜேவர்த்தன. பிறகு ஊரில் விசாரித்துப் பார்த்தேன். இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

பிலிப் ரேவத விஜேவர்த்தன 1924 ஓகஸ்ட் மாதம் பிறந்தார். கொழும்பின் வசதியான, செல்வாக்கான குடும்பம். கல்கிசை சென் தோமஸ் கல்லூரி, பிறகு கேம்பிரிட்ஜில் பொறியியல். வாழ்நாள் முழுவதும் அவருக்கு விமானத்தில் மோகம். சிறிய விமானங்களைத் தானே கட்டித் தானே ஓட்டினார். பாய்மரப் படகோட்டியாக 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கை சார்பில் கலந்துகொண்டார். இப்படி ஒருவர் சேற்று வயலுக்குள் இறங்குவார் என்று யாரும் எதிர்பார்க்கமாட்டார்கள். ஆனால் பொறியியலாளராக அவர் கையில் எடுத்தது வயல் வேலையை.

அவர் எதிர்கொண்ட சிக்கலை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 19ஆம் நூற்றாண்டில் குதிரை பூட்டிய விவசாய இயந்திரங்கள் பெருகின. அவற்றில் ஒன்று வைக்கோல் வாரி. இரண்டு பெரிய சில்லு, ஓட்டுபவர் குந்தியிருக்க ஒரு இருக்கை, பின்னால் வளைந்த நீண்ட இரும்புப் பற்கள். பற்கள் புல்லை வாரிச் சேர்த்துக்கொண்டு வரும். மிதியை மிதித்தால் அவை மேலே எழும்பி, சேர்ந்த புல்லைக் குவியலாக விட்டுவிட்டுப் போகும். பத்துப் பேரின் வேலையை ஒரு குதிரையும் ஒரு ஆளும் செய்யலாம். ஆனால் அது வரம்பில்லாத, நீண்டு கிடக்கும் காய்ந்த நிலத்துக்குச் செய்யப்பட்டது. குதிரையின் இடத்துக்கு நான்கு சில்லு உழவு இயந்திரம் வந்த பிறகும் அந்த அகன்ற நிலத்தின் கணக்கே இயந்திரத்துக்குள் இருந்தது.

எங்கள் நிலத்தை யோசித்துப் பாருங்கள். பதினாறு பரப்பு சேர்ந்தால் ஒரு ஏக்கர். யாழ்ப்பாணத்தில் இரண்டு பரப்பு, மூன்று பரப்புத் துண்டுகளாகத்தான் பலருக்கு வயல் இருக்கிறது. தாய்வழிச் சீதனமாகப் பிரிந்து பிரிந்து இன்னும் சிறுத்துப் போனவையும் உண்டு. வயலுக்குப் போகும் ஒழுங்கையில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தால் ஒருவர் வேலியோடு ஒட்டி நிற்கவேண்டும். பெரிய உழவு இயந்திரம் அந்த ஒழுங்கைக்குள் நுழையாது. நுழைந்தாலும் வரம்பை உடைக்கும். வரம்பை உடைக்காவிட்டால் சேற்றில் புதையும்.

விஜேவர்த்தன 1950களின் நடுப்பகுதியில் இதற்கு ஒரு விடை கண்டார். இரண்டு சில்லு, அதன்மேல் ஒரு சிறிய இயந்திரம், பின்னால் நீண்டு வரும் இரண்டு கைபிடிகள். கலப்பையைப் பிடித்து நடந்த மனிதன் அதே இடத்தில் நடந்தபடி இதையும் பிடிக்கலாம். இரு சில்லு இயந்திரம் உலகத்துக்குப் புதிதல்ல. சுவிற்சர்லாந்திலும் ஜப்பானிலும் முன்பே அந்த வகைகள் இருந்தன. இவர் செய்தது அதை வெப்ப நாட்டுச் சிறு விவசாயிக்கும் நெல்வயல் சேற்றுக்கும் ஏற்றதாக்கியது. இந்த வகை இயந்திரத்தின் கெட்டித்தனம் மாற்றிப் பூட்டுவதில் இருக்கிறது. சேற்றுக்குள் இறங்கும்போது ரயர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டலாம். அது புதையாமல் சேற்றை மிதித்துக் கலக்கும். பின்னால் கலப்பையைப் பூட்டலாம், சுழன்று மண்ணைக் கிளறும் கத்திகளையும் பூட்டலாம். வேலை முடிந்ததும் ரயர் சில்லைத் திரும்பப் போட்டு, பின்னால் பெட்டியைக் கொழுவினால் அதே இயந்திரம் வண்டியாகிவிடும். விதைநெல் போவதும் அதில்தான், அறுத்த கதிர் களத்துக்கு வருவதும் அதில்தான். கோயில் திருவிழாவுக்குச் சனம் போவதும் அதில்தான். வயலில் இறங்கவும் வீதியில் போகவும் இரண்டு வாகனம் வாங்க முடியாத விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய விடயம் என்பதை எங்கள் மாமாவைக் கேட்டால் சொல்வார்.

இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு அது பல வெப்ப நாடுகளுக்குப் போனது. விஜேவர்த்தன அத்தோடு நின்றிருந்தால் வெற்றி பெற்ற ஒரு கண்டுபிடிப்பாளராகவே அவர் வாழ்க்கையை எழுதி முடித்துவிடலாம். எனக்கு அவரில் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. அமெரிக்காவில் இந்த இயந்திரம் பற்றி அவர் ஒரு உரை நிகழ்த்தினார். முடிவில் ஒருவர் எளிய கேள்வியொன்றைக் கேட்டார். இந்த இயந்திரம் விளைச்சலைக் கூட்டியதா, அல்லது எருமை செய்த வேலையைத்தான் செய்ததா? அந்தக் கேள்வி தன்னைத் திருப்பிவிட்டதாக அவரே பின்னாட்களில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். எருமை சாணம் போடும், பால் தரும், கன்று போடும். வயலோரத்துப் புல்லைத் தின்று வேலை செய்யும். இயந்திரம் இவற்றில் ஒன்றையும் செய்யாது. அதற்கு வெளிநாட்டிலிருந்து எண்ணெய் வரவேண்டும், உதிரிப்பாகம் வரவேண்டும். பழுதாகிவிட்டால் இரும்பு. தான் செய்தது எருமையை இயந்திரமாக்கியது மட்டும்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். தன் பெயரைச் சொன்ன பொருளைத் தானே குறை சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அதன்பிறகு அவர் ஏன் உழுகிறோம் என்ற இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார். மலேசியாவில் வேலை செய்தார். 1970களின் பிற்பகுதியில் நைஜீரியாவின் இபாடான் நகரில் உள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவகத்தில் பொறியியல் பிரிவை நடத்தினார். உழுவதன் பெரும் பயன் களையை அடக்குவதுதான் என்பது அவர் கண்ட முடிவு. அப்படியானால் களையை வேறு வழியில் அடக்கிவிட்டு உழாமலே விதைக்கலாமே? வெப்ப நாட்டில் மழை மெல்லப் பெய்வதில்லை. உழுது வெறுமையாகக் கிடக்கும் மேல்மண்ணை ஒரு பெருமழை கழுவிக்கொண்டு போய்விடும். அதே நிறுவகத்தில் அந்தக் காலத்தில் ரத்தன் லால் என்ற மண் விஞ்ஞானியும் உழாத விவசாயம் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவருக்கு 2020இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நிலத்தில் இலைதழை மூடிக் கிடக்கும்போது விதையை எப்படி உள்ளே இறக்குவது? விஜேவர்த்தன அதற்குக் கையால் தள்ளும் ஒரு சில்லைச் செய்தார். சில்லைச் சுற்றிப் பறவை அலகு போன்ற கூர்கள். தள்ளிக்கொண்டு நடக்க, ஒவ்வொரு அலகும் மூடாக்கைக் குத்தி மண்ணுக்குள் இறங்கித் திறந்து விதையைப் போட்டுவிட்டு வெளியே வரும். இயந்திரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒருவர் தோளில் தூக்கிக்கொண்டு அடுத்த தோட்டத்துக்குப் போகலாம். லான்ட்மாஸ்ரர் செய்தவரின் கையிலிருந்து இது வந்தது என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, மரியாதையும் வருகிறது.

நாடு திரும்பிய பின் சிலாபத்துக்கு அருகே காக்கப்பள்ளியில் இருந்த தன் தென்னந்தோட்டத்தை ஆய்வுகூடமாக்கிக்கொண்டார். அங்கே அவர் கட்டிப்பிடித்த மரம் கிளிசரிடியா. அதன் இலை தழைச்சத்து நிறைந்த பசளை, ஆடுமாட்டுக்குத் தீனி. கம்பு விறகு. அந்த விறகை எரித்து மின்சாரம் எடுக்கலாம் என்று வாதாடினார், தோட்டத்திலேயே செய்தும் பார்த்தார். 2005இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அரசாங்கம் கிளிசரிடியாவை அறிவித்தது. அதற்குப் பின்னால் இருந்த குரல்களில் அவருடையது முக்கியமானது. 2002 முதல் 2007 வரை, ஆர்தர் சி. கிளார்க்கிற்கு அடுத்து, மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக இருந்தார். 2010 ஓகஸ்டில், 86ஆவது பிறந்தநாளுக்கு ஓரிரு நாள் இருக்கும்போது காலமானார்.

கிளிசரிடியா என்றதும் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்கவேண்டாம். எங்கள் வேலிகளில் நிற்கும் சீமைக்கிளுவைதான் அது. புகையிலைத் தோட்டத்துக்குக் குழை வெட்டித் தாட்ட தலைமுறை எங்கள் அப்பப்பாமாருடையது. பூவரசும் கிளுவையும் குழைக்காகவே வேலியில் வளர்க்கப்பட்டன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத, சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் இந்த நிலத்தில் வெங்காயமும் மிளகாயும் விளைந்ததற்குக் கிணற்றுத் தண்ணீர் பாதிக் காரணம், குழையும் எருவும் மீதி. கேம்பிரிட்ஜில் படித்தவர் உலகத்தைச் சுற்றி வந்து சேர்ந்த இடத்தில் எங்கள் கிழவர்கள் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் இயந்திரத்தை வாங்கிக்கொண்ட அளவுக்கு நாங்கள் அவருடைய இரண்டாவது பேச்சைக் காதில் வாங்கவில்லை. அந்தப் பேச்சு எங்கள் மொழியில் எங்களை வந்தடையவும் இல்லை. அவர் அதைப் பேசிய ஆண்டுகளில் எங்களுக்குக் காதில் விழுந்தவை வேறு சத்தங்கள்.

2021இல் இரசாயனப் பசளையை ஒரே இரவில் நிறுத்தியபோது எங்கள் விவசாயிகள் திகைத்து நின்றார்கள். விஜேவர்த்தன சொன்ன வழி அதுவல்ல. குழையும் எருவும் மண்ணில் சேர ஆண்டுகள் எடுக்கும், ஒரு வர்த்தமானியால் அது நடக்காது. அடுத்த ஆண்டு டீசல் இல்லாமல் போனது. கொள்கலனோடு எரிபொருள் நிலைய வரிசையில் நின்ற விவசாயிகளிடம் அப்போது ஒரு செய்திக்காகப் பேசினேன். வயதான ஒருவர் தன் சோடி மாடுகளை விற்று லான்ட்மாஸ்ரர் வாங்கிய ஆண்டை நினைவுகூர்ந்தார். மாடு என்றால் இந்நேரம் உழுது முடித்திருப்பேன் என்றார். விஜேவர்த்தனவுக்கு அமெரிக்காவில் கேட்ட அதே கேள்வி.

ஆனாலும் அவர் தன்மேல் சொன்ன குற்றத்தை நான் முழுதாக ஏற்கமாட்டேன். எருமை தரும் பாலையும் சாணத்தையும் அவர் எண்ணினார். அம்மம்மாவை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மாட்டுவண்டியிலும் சனம் போனதுதான். ஆனால் அந்த நெரிசலில், மழையில், இரவு முழுவதும் நின்று நின்று இரண்டு குடும்பத்தின் பாரத்தை இழுக்க எங்கள் மாமாவின் மாடுகளால் முடிந்திருக்காது. போருக்குப் பின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த எரிந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். அந்தக் கறள் பிடித்த கைபிடிகள் ஒவ்வொன்றையும் கடைசிவரை யாரோ விடாமல் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 2010இல் இந்தியா வடக்குக்கு 500 உழவு இயந்திரங்கள் கொடுத்தது. மீளக்குடியேறியவர்களின் பற்றை மண்டிய நிலத்துக்கு அவை தேவைப்பட்டன. அந்த நேரத்தில் மாட்டைப் பற்றி யாரும் பேசியிருக்க முடியாது. மாடுகளும் மிஞ்சியிருக்கவில்லை.

மாமாவின் லான்ட்மாஸ்ரர் இன்னும் இருக்கிறது. இயந்திரம் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது, பெட்டியின் பலகை பலதரம். அவருக்கு இப்போது எண்பது வயது கிட்ட. ஓட்டுவது மகன். போன மாதம் போயிருந்தபோது வெளிநாட்டுக் காசில் அவர்கள் வளவுக்கு மதில் கட்டிக்கொண்டிருந்தார்கள். வேலிக் கிளுவை எல்லாவற்றையும் தறித்து லான்ட்மாஸ்ரர் பெட்டியில் ஏற்றி, எங்கேயாவது கொட்டிவிட்டு வர மகன் ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். விஜேவர்த்தனவைப் பற்றி நான் மாமாவுக்குச் சொன்னேன். கதையை முழுவதும் கேட்டார். பிறகு எழும்பிப் போய், இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, குழையைப் பின்வளவு வாழைக்குள் இறக்கச் சொன்னார். கம்புகளில் நேரானதாகப் பார்த்து ஒரு கட்டைத் தனியாக எடுத்துக் கிணற்றடியில் ஈரச் சாக்கால் மூடி வைத்தார். மாரி தொடங்கினதும் நடலாமாம்.