சான்று கேட்ட வத்திராயிருப்பு விஞ்ஞானி



இராஜபாளையத்து நூற்பாலைகளில் பஞ்சு வாங்கும் முறையை நீங்கள் அறிவீர்கள். விற்பவரின் சொல்லை மட்டும் நம்பி அங்கே எவரும் பணம் கொடுப்பதில்லை. மாதிரி எடுத்து, இழையின் நீளத்தையும் வலிமையையும் சோதித்த பின்னரே விலை பேசுகிறார்கள். ஆனால், ஆராய்ச்சியில் கண்டுபிடிக்கப்பட்டது என்று ஒரு செய்தி வந்துவிட்டாலோ, சர்க்கரை நோயாளி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிட்டு, செய்தியில் கண்ட பொடியை விழுங்கத் துணிகிறார். பஞ்சுக்குக் காட்டும் எச்சரிக்கையை உயிருக்குக் காட்ட வேண்டாமா?

ஆராய்ச்சி முடிவுகளை எவ்வாறு எடைபோடுவது என்பதற்கு, நம் வட்டாரத்தில் பிறந்த ஒருவரின் வாழ்க்கையே நல்ல பாடமாகும். அவர்தாம் காலஞ்சென்ற விஞ்ஞானி கே. எஸ். கிருஷ்ணன் அவர்கள்.

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் நாள் அன்னார் பிறந்தார்கள். பள்ளிப் படிப்பு அவ்வூரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நடந்தது. பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார்கள். 1920இல் கல்கத்தா சென்று, 1923இல் சர் சி. வி. இராமன் அவர்களின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. தூய திரவத்தினுள் ஒளிக்கற்றையைச் செலுத்தினால், சிதறி வரும் ஒளியுடன் வேறு நிறத்தில் மங்கலான ஓர் ஒளியும் தென்பட்டது. 1923இல் அதே குழுவைச் சேர்ந்த கே. ஆர். இராமநாதன் அவர்கள் அதைக் கண்டபோது, திரவத்தில் கலந்துள்ள அழுக்கு ஒளியை விழுங்கி வேறு நிறத்தில் உமிழ்கிறது என்ற விளக்கமே முதலில் கூறப்பட்டது. கேட்பவருக்கு அது நியாயமாகவே தோன்றும். அத்துடன் விசாரணையை முடித்திருந்தால், ஒரு மாபெரும் உண்மை மறைந்தே போயிருக்கும்.

அவர்கள் முடிக்கவில்லை. அழுக்குதான் காரணமென்றால், திரவத்தைத் தூய்மையாக்க ஒளி மறைய வேண்டுமல்லவா? மீண்டும் மீண்டும் வடித்துத் தூய்மையாக்கினார்கள், ஒளி மறையவில்லை. கிருஷ்ணன் அவர்களும் தம் பங்கிற்கு 65 திரவங்களை ஆராய்ந்து, அவற்றில் பலவற்றிலும் அந்த ஒளியைக் கண்டார்கள்.

1928 பிப்ரவரியில் இராமன் அவர்களின் தூண்டுதலால் அச்சோதனையை மீண்டும் கையில் எடுத்தார்கள். பிப்ரவரி 7ஆம் நாள் ஓர் உண்மை புலப்பட்டது. திரவம் ஒளியை விழுங்கி உமிழும்போது, அந்த ஒளியின் அலைகள் பொதுவாகப் பல திசைகளிலும் அதிரும். இந்த ஒளியோ பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்ந்தது. ஆகவே பழைய விளக்கம் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. ஒன்றிரண்டில் கண்டதோடு அமையாமல், ஏறத்தாழ அறுபது திரவங்களில் சோதித்து, அனைத்திலும் கண்ட பிறகே இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரிலும் இலண்டன் 'நேச்சர்' ஏட்டுக்கு அறிக்கை சென்றது. 1928 மார்ச் 31இல் அது வெளியாயிற்று. அதுவே இராமன் விளைவு. 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமன் அவர்களுக்குக் கிடைத்தது.

கிருஷ்ணன் அவர்கள் பின்னர் டாக்காவிலும் கல்கத்தாவிலும் படிகங்களின் காந்தத் தன்மையை ஆராய்ந்து, 1940இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்கள். 1947இல் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார்கள். 1961 ஜூன் 14இல் மறைந்தார்கள்.

சகோதரர்களே! இந்த முறை நமக்குப் புதியதா? ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு திருக்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் அறிவிப்பாளர் தொடரையும் ஆராய்ந்தார்கள். அறிவிக்கப்பட்ட செய்தியையும் ஆராய்ந்தார்கள். சொன்னவர் பெரியவர் என்பதனால் மட்டும் அவர்கள் எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை.

ஆகவே, ஆராய்ச்சிச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது சில கேள்விகளைக் கேளுங்கள். சோதித்தது எத்தனை பேரிடம்? மருந்து உண்டவர்களை உண்ணாதவர்களோடு ஒப்பிட்டார்களா? குணமானதற்கு வேறு காரணம் இருக்கக்கூடுமா? அதற்குப் பணம் தந்தவர் யார்? வேறொருவர் செய்து பார்த்தபோதும் அதே முடிவு வந்ததா?

ஏட்டின் புகழ் இக்கேள்விகளுக்கு விடையாகாது. 2020 மே மாதம், கொரோனா நோயாளிகளுக்குத் தரப்பட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி, புகழ்பெற்ற 'லான்செட்' மருத்துவ ஏடு ஓர் ஆய்வை வெளியிட்டது. 96,000 நோயாளிகளின் விவரங்கள் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. படித்த மருத்துவர்கள் மூல விவரங்களைக் கேட்டார்கள். திரட்டியதாகக் கூறிய நிறுவனம் அவற்றைத் தணிக்கைக்குத் தரவில்லை. ஜூன் 4இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

எதையும் நம்பாதிருப்பது அறிவாகாது. எல்லாவற்றையும் நம்புவதும் அறிவாகாது. சான்றின் அளவுக்கு நம்புவதே அறிவு. உங்கள் பிள்ளைகள் பாடப்புத்தகத்தோடு வந்து, இது எப்படித் தெரியும் என்று கேட்டால் அதட்டாதீர்கள். வத்திராயிருப்புச் சிறுவர் ஒருவரை உலகம் அறியச் செய்தது அந்தக் கேள்விதான்.

உண்மையை உண்மையென்று அறிந்து பின்பற்றும் தெளிவை, வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.