பாறைகளைப் படித்த ஆயர்

பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயிலும் மாணவி முதலில் கற்கும் விதிகளுள் ஒன்று, பின்னாளில் ஆயரான ஒருவர் தந்தது. அவர் நிக்கோலாஸ் ஸ்டெனோ.

1638-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். பயின்றது மருத்துவம், நிலவியல் என்றொரு பாடமே அன்று இல்லை! 1666-இல் இத்தாலியில் பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலை, அறுத்து ஆராய்வதற்காக அவரிடம் வந்தது. மலைப்பாறைகளில் கிடைத்த 'நாக்குக் கற்கள்' அதன் பற்களைப் போலவே இருந்தன. அப்படியானால் அப்பாறை ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்திருக்க வேண்டுமல்லவா? சேறு படிந்து படிந்தே அடுக்குகள் உண்டாயின, புரளாத அடுக்குகளில் அடியிலிருப்பதே மூத்தது என்று 1669-இல் நூல் எழுதினார். நிலக்கரியும் எண்ணெயும் நிலத்தடி நீரும் தேடும் நிலவியலார், துளையிட்டு எடுத்த பாறையை இன்றும் இவ்விதி கொண்டே படிக்கின்றனர்.

லுத்தரன் சபையில் வளர்ந்தவர் 1667-இல் கத்தோலிக்கரானார். 1675-இல் குரு, 1677-இல் ஆயர். ஆராய்ச்சியை அவர் விட்டது அறிவியலுக்கு இழப்புத்தான். ஏழைகளுக்காகத் தம் ஆயர் மோதிரத்தையும் விற்றார், பொற்கொல்லரின் மகன்! 1686-இல் ஜெர்மனியின் ஷ்வெரினில் வறுமையிலேயே இறந்தார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் அவரை அருளாளராக உயர்த்தினார். அவரது கல்லறை பிளாரன்ஸ் நகரின் புனித லாரன்ஸ் ஆலயத்தில் உள்ளது.